துணியா, டயபரா? துவைப்பது யார் என்று யாரும் கேட்கவில்லையே!

கோவையிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். சுருக்கம் இதுதான்.

முதல் குழந்தை, பையன், நாலரை மாதம். பேறுகால விடுப்பு முடிய இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. அத்தைக்கு மூட்டு வலி, முழு நாளும் குழந்தையைப் பார்க்க முடியாது. அதனால் அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே ஒரு டேகேரில் இடம் பிடித்தாகிவிட்டது. அங்கே துணி டயபர் எடுக்க மாட்டார்களாம். அத்தையோ, "எம் பையன ரெண்டு வயசு வரைக்கும் துணியிலதான் வளர்த்தேன். இந்த ப்ளாஸ்டிக்க மாட்டுனா கால் வளைஞ்சு போயிரும், ஆம்பளப் பையனுக்குப் பின்னாடி பிரச்சினை வரும்" என்கிறார். கணவர் ஆன்லைனில் பெரிய பெரிய பாக்கெட்டாக வாங்கிப் போடுகிறார், மாதம் 2,800 ரூபாய் போகிறது. அடுக்குமாடியின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தோழி, "ஒவ்வொரு டயபரும் 500 வருஷம் மண்ணில் கிடக்கும், யோசிச்சுப் பாரு" என்று எழுதியதைப் படித்துவிட்டு, குற்ற உணர்வில் வாசகி ஆறு 'பாக்கெட் டயபர்' வாங்கினார். உறிஞ்சு பட்டையை உள்ளே செருகி, துவைத்துத் துவைத்துப் பயன்படுத்தும் துணி டயபர் அது. அவை ஒழுகுகின்றன, துவைத்த பிறகும் நாறுகின்றன. இப்போது பழைய வேட்டித் துணிக்குத் திரும்பி, விடியற்காலை 5 மணிக்கு எழுந்து 18 துணி துவைக்கிறார். நடுவில் குழந்தைக்குத் தொடையிடுக்கில் சிவந்து போனதற்கு மெடிக்கல் ஷாப்பில் ஒரு க்ரீம் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். "இரண்டே நாளில் மாயமாகிவிட்டது டாக்டர். நிறுத்தினால் திரும்ப வருகிறது. ஒன்றரை மாதமாகப் போட்டுக்கொண்டிருக்கிறோம்" என்கிறார். கடைசியில் ஒரு கேள்வி: "டயபர் போட்டால் நான் சோம்பேறி அம்மாவா?"

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி, துணியா டயபரா என்பதைப் பற்றி. என் கண் மட்டும் அந்த க்ரீம் வரியிலேயே நின்றுவிட்டது. அதனால் கேள்வியைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதலில் அந்த க்ரீம்

போட்ட இரண்டு நாளில் சிவப்பு மறைவதும் நிறுத்தினால் திரும்புவதும் எனக்குப் பழக்கமான கதை. ட்யூபை எடுத்துப் பின்பக்கம் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. பெரும்பாலும் அதோடு ஒரு பூஞ்சை மருந்தும் ஒரு நுண்ணுயிர் மருந்தும் கலந்திருக்கும். மூன்றும் சேர்ந்த இந்தக் கலவையைப் பெரியவர்களின் படர்தாமரைக்கே கண்டபடி போட்டுக் கெடுத்து வைத்திருக்கிறோம். நாலரை மாதக் குழந்தைக்கு அது ஆகவே ஆகாது.

குழந்தையின் தோல் மெல்லியது, அதிலும் தொடையிடுக்குத் தோல் இன்னும் மெல்லியது. மேலே டயபரை ஒட்டிவிட்டால் மருந்து பூசி பாலிதீன் சுற்றிக் கட்டியது போல ஆகிவிடும். மருந்து உள்ளே இறங்கி ரத்தத்தில் கலக்கும். வாரக்கணக்கில் இப்படிப் போட்டால், உடம்பு தானே சுரக்க வேண்டிய ஸ்டீராய்டைச் சுரக்காமல் விட்டுவிடலாம். முகம் நிலா மாதிரி உருண்டு, கன்னம் தொங்கி, "பையன் நல்லா புஷ்டியா இருக்கான்" என்று எல்லாரும் சந்தோஷப்படும் குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். அது புஷ்டி இல்லை.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. நாளைக்கே ஒரு குழந்தை மருத்துவரைப் பாருங்கள், அடுத்த முறை பூசுவதற்கு முன்பாக. ட்யூபைக் கையோடு எடுத்துப் போங்கள். எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எடை, ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் காலையில் ஒரு ரத்தப் பரிசோதனை. எப்படி நிறுத்துவது என்பதை அவர் சொல்லட்டும். இதற்கிடையில் குழந்தை சோர்ந்து போனாலோ, பால் குடிக்காமல் வாந்தி எடுத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போய், ஒன்றரை மாதமாக இந்த க்ரீம் போட்டோம் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

சிவப்பு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்றும் அவர் பார்ப்பார். புட்டத்திலும் தொடையின் மேட்டுப் பகுதியிலும் மட்டும் சிவந்து, மடிப்புக்குள் தோல் நன்றாக இருந்தால் அது பெரும்பாலும் ஈரமும் உரசலும் தந்த எரிச்சல். மடிப்புக்குள்ளேயே செக்கச்செவேல் என்று இருந்து, சுற்றிலும் குட்டிக் குட்டிப் புள்ளிகள் சிதறியிருந்தால் பூஞ்சையாக இருக்கலாம். அதற்கு ஸ்டீராய்டு கலக்காத தனிப் பூஞ்சை மருந்தே போதும். அக்கி என்று யாராவது சொல்லி, காவி பூச அழைத்துப் போனால் அன்போடு மறுத்துவிடுங்கள்.

தோலுக்குத் தெரிந்தது ஈரம் மட்டும்தான்

இனி உங்கள் கேள்வி. துணியா, டயபரா என்று தோலைக் கேட்டால் அதற்குப் பதில் தெரியாது. எவ்வளவு நேரம் ஈரத்தில் கிடந்தோம் என்பது மட்டும்தான் தெரியும். சிறுநீரில் இருக்கும் யூரியாவை மலத்தில் இருக்கும் பாக்டீரியா உடைத்து அம்மோனியா ஆக்குகிறது. தோலின் இயல்பான லேசான புளிப்புத் தன்மை போய்விடுகிறது. அப்போது மலத்தில் இருக்கும் செரிமான நொதிகள் முடுக்கிவிடப்பட்டு, ஊறிப்போன தோலை அரிக்கின்றன. ஆக, சிறுநீர் தனியாக இருப்பதைவிட மலத்தோடு சேரும்போதுதான் வினை. ஆய் போனால் அந்த நிமிடமே மாற்ற வேண்டும் என்று நாங்கள் அடித்துக்கொள்வது இதனால்தான்.

டயபருக்குள் இருப்பது மரக்கூழும், சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற உறிஞ்சும் துகளும். தண்ணீர் பட்டதும் வெந்த ஜவ்வரிசி மாதிரி ஊதிக்கொள்ளும். எப்போதாவது டயபர் கிழிந்து அது குழந்தையின் தோலில் ஒட்டியிருந்தால் பதறாதீர்கள், ஈரத் துணியால் துடைத்தால் போதும். அந்தத் துகள் ஈரத்தைத் தோலிலிருந்து இழுத்து வைத்துக்கொள்வதால் டயபரில் கொஞ்ச நேரம் கூடுதலாக விடலாம். துணியில் அது முடியாது, நனைந்தவுடன் மாற்றியாக வேண்டும். எதில் புண் குறைவு என்று ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்த காக்ரேன் குழு 2006-இல் சொன்னது, தீர்ப்புச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்பதுதான். துணியை மூன்று மணி நேரம் மாற்றாத வீட்டிலும் புண் வருகிறது, டயபரை "இன்னும் கனக்கலையே" என்று எட்டு மணி நேரம் விடுகிற வீட்டிலும் புண் வருகிறது.

டயபர் என்றால் பகலில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, துணி என்றால் நனைந்தவுடன். துடைக்கத் தண்ணீரும் மெல்லிய பருத்தித் துணியும் போதும், வாசனை வைப்ஸ் பயணத்துக்குக்கூட வேண்டாம். ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். பிறகு துத்தநாக ஆக்சைடு க்ரீமோ வெறும் பெட்ரோலியம் ஜெல்லியோ கேக்கில் ஐசிங் தடவுவது போலத் தாராளமாக. அடுத்த முறை அதைச் சுரண்டி எடுக்க வேண்டியதில்லை, அழுக்கான மேல்படலத்தை மட்டும் ஒற்றிவிட்டு இன்னும் கொஞ்சம் பூசுங்கள். பவுடர் வேண்டவே வேண்டாம். என் மேசையில் டயபரைப் பிரித்தால் மடிப்புக்குள் பவுடர் மாவு பிசைந்த மாதிரி உருண்டு கிடக்கும், அதுவே தோலை அறுக்கும். அந்தத் தூள் மூச்சில் போவது இன்னும் கெடுதல்.

அத்தை சொல்வதில் எது சரி?

கால் வளைவது. பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் கால் வில் மாதிரிதான் இருக்கும், கருப்பையில் மடங்கிக் கிடந்த கால் அது. ஒன்றரை, இரண்டு வயதுக்குள் தானே நிமிரும். அத்தை வளர்த்த உங்கள் கணவரின் கால்களும் அப்படித்தான் இருந்திருக்கும், அப்போது பழி போட டயபர் இல்லை. 2012-இல் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 13 மாத, 19 மாதக் குழந்தைகள் 60 பேரை வெறும் உடம்போடும், மெல்லிய டயபரோடும், தடித்த துணி டயபரோடும் நடக்கவிட்டுப் பார்த்தார்கள். எதுவும் மாட்டாதபோதுதான் நடை நன்றாக இருந்தது. இந்த விஷயத்தில் துணி எந்த வகையிலும் உசத்தி இல்லை. நிரந்தரமாகக் கால் வளையும் என்று அந்த ஆய்வு சொல்லவும் இல்லை.

ஆண் குழந்தை விவகாரம் 2000-இல் ஜெர்மனியில் வந்த ஓர் ஆய்விலிருந்து கிளம்பியது. ப்ளாஸ்டிக் டயபருக்குள் விதைப்பைத் தோலின் வெப்பம், துணியில் இருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல் என்று அளந்தார்கள். அளந்தது வெப்பத்தை மட்டும்தான். அதனால் பிற்காலத்தில் குழந்தை பிறக்காது என்று யாரும் காட்டியதில்லை.

ஆனால் அத்தை சொல்லும் இரண்டு விஷயங்களை நான் காசு வாங்கிக்கொண்டு என் அறையில் சொல்கிறேன். ஒன்று, காற்றாட விடுவது. காலையும் மாலையும் ஒரு மணி நேரம் ரப்பர் ஷீட் மேல் பழைய வேட்டியை விரித்து, இடுப்பில் ஒன்றும் இல்லாமல் பையனைப் போட்டு விடுங்கள். நனைத்தால் நனைக்கட்டும். இரண்டு, எத்தனை முறை உச்சா போனான் என்று கணக்கு வைப்பது. பிறந்து முதல் வாரம் கடந்த குழந்தை நாளுக்கு ஆறு முறைக்கு மேல் நனைத்தால் பால் போதுகிறது என்று அர்த்தம். டயபரில் அந்தக் கணக்கு மறைந்துவிடுகிறது. புதிதாகப் பிறந்த குழந்தைக்கு முதல் சில வாரம் துணியே கட்டச் சொல்வேன், காரணம் பூமியும் இல்லை, பாரம்பரியமும் இல்லை, இந்தக் கணக்குதான்.

இன்னொன்றும் உண்டு. காலை நீட்டி உட்கார்ந்து, பாதத்தின் மேல் குழந்தையை உட்கார வைத்து "ஸ்ஸ்ஸ்" என்று சொல்லும் பழக்கம். நம் பாட்டிகளுக்கு அது கைவந்த கலை. தலை நின்று, இடுப்பில் பலம் வந்த பிறகு அத்தையின் மூட்டு அனுமதித்தால் காலையில் ஒரு முறை முயலட்டும். போனால் ஒரு துணி மிச்சம். போகவில்லை என்று திட்டாமல் இருந்தால் சரி.

500 வருஷம்

வாட்ஸ்அப் தோழிக்கு ஒன்று சொல்லலாம். டயபர் பரவலாகப் புழங்க ஆரம்பித்தே நூறு வருடம் ஆகவில்லை. 500 வருடம் உட்கார்ந்து பார்த்தவர் யார்? ஆனால் அதன் வெளியுறை பாலிஎத்திலின், உள்ளுறை பாலிப்ரோப்பிலின், இரண்டும் மக்காது. அந்த அளவில் அவர் சொல்வது உண்மைதான்.

பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2008-இல் கணக்குப் போட்டது. ஒரு குழந்தைக்கு இரண்டரை வருடத்தில், வெளியாகும் கரியமில வாயுவின் அளவு டயபருக்கு சுமார் 550 கிலோ, துணிக்கு சுமார் 570 கிலோ. துணி ஏன் குறையவில்லை என்றால், அங்கே வெந்நீரில் துவைத்து மின்சார உலர்த்தியில் காய வைக்கிறார்கள். மெஷினை நிறைத்துத் துவைத்து, கொடியில் உலர்த்தி, அடுத்த குழந்தைக்கும் அதே துணியைப் பயன்படுத்தினால் துணியின் கணக்கு 40 சதவீதம் வரை குறையும் என்றும் அதே அறிக்கை சொன்னது. நம் ஊரில் யார் உலர்த்தி வைத்திருக்கிறார்கள்? மொட்டை மாடிக் கொடியும் வெயிலும்தான். ஆக, பூமிக்குத் துணி நல்லது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதற்காகக் கைக்குழந்தை வைத்திருக்கும் ஒருத்தியின் தலையில் மொத்தப் பழியையும் கட்டுவதில்தான் எனக்குச் சம்மதம் இல்லை.

டயபர் போடுபவர்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதைத்தான் பெரும்பாலோர் செய்வதில்லை. மலத்தைக் கழிப்பறையில் தட்டி ஊற்றிவிட்டு, டயபரை உள்பக்கமாகச் சுருட்டி, அதன் ஒட்டுப்பட்டையாலேயே ஒட்டி, செய்தித்தாளில் பொதிந்து, மேலே சிவப்பு மையில் ஒரு புள்ளி வையுங்கள். பொதிந்து கொடுக்க வேண்டும் என்பதும், அதற்கான உறையைத் தயாரிப்பாளரே தர வேண்டும் என்பதும் 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளிலேயே வந்துவிட்டது. உங்கள் வீட்டுக் குப்பை வெள்ளலூர் குப்பைக் கிடங்குக்குப் போய்ச் சேருவதற்கு முன் ஒரு தூய்மைப் பணியாளர் அதைக் கையால் பிரிக்கிறார். அந்தச் சிவப்புப் புள்ளி அவருக்காக. டயபரைக் கழிப்பறையில் போடாதீர்கள், எரிக்காதீர்கள்.

ரசாயனம் பற்றி ஒரு வரி கேட்டிருந்தீர்கள். பிரான்சின் அரசு முகமையான அன்செஸ், டயபர்களில் தேவையில்லாத சில வேதிப்பொருள்களைக் கண்டதாக 2019 ஜனவரியில் சொல்லி, வாசனைப் பொருளை நீக்கச் சொன்னது. அதனால் நோய் வந்ததாகக் காட்டவில்லை, முன்னெச்சரிக்கையாகச் சொன்னது. நீங்கள் செய்ய வேண்டியது எளிது, வாசனை இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள்.

அந்த ஆறு பாக்கெட் டயபரும் ஏன் நாறுகிறது?

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் தவறு டயபரில் இல்லை. புதிய உறிஞ்சு பட்டையை மூன்று, நான்கு முறை துவைத்த பிறகுதான் அது முழுதாக உறிஞ்சும், நீங்கள் ஒரு முறை அலசிவிட்டு மாட்டிவிட்டீர்கள். துணி மிருதுவாக இருக்கட்டும் என்று ஊற்றிய வாசனைத் திரவம் இழைமேல் மெழுகு போலப் படிந்து ஈரத்தைத் தள்ளுகிறது, அதனால் ஒழுகுகிறது. மூன்றாவது காரணம் தண்ணீர். மெஷினுக்கு உப்புத் தண்ணீர்க் குழாயைத்தானே கொடுத்திருக்கிறீர்கள்? போர்வெல் தண்ணீரில் சோப்பு சரியாக நுரைக்காது, மிச்சம் துணியிலேயே தங்கும். அடுத்த முறை நனைந்ததும் அம்மோனியா வாடை தூக்கும்.

நனைந்ததை உடனே அலசிப் பிழிந்து மூடாத வாளியில் போடுங்கள், ஊற வைக்க வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு முறை 60 டிகிரியில் துவைத்து, கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி சிறுவாணித் தண்ணீர். கிருமிநாசினி ஊற்ற வேண்டாம், அந்த மிச்சமும் தோலை எரிக்கும். பட்டையை வெயிலில் போடுங்கள், ப்ளாஸ்டிக் பூசிய வெளியுறையை நிழலில். மைக்ரோஃபைபர் பட்டை என்றால் பாக்கெட்டுக்குள்தான் இருக்க வேண்டும், நேராகத் தோலில் படக் கூடாது.

மழைக்காலத்தில் இந்தத் தடித்த பட்டைகள் இரண்டு நாளானாலும் காயாது. அப்போது கைகொடுப்பது அத்தையின் வேட்டிதான். ஒற்றை மடிப்புத் துணி என்பதால் மின்விசிறிக் காற்றிலேயே சீக்கிரம் காய்ந்துவிடும். அதைப் பட்டையாக மடித்து அந்தப் பாக்கெட் உறைக்குள் வைத்துப் பாருங்கள். 400 ரூபாய் உறைக்கும் 40 வருடப் பழைய வேட்டிக்கும் நன்றாகவே ஒத்துப்போகும்.

துவைப்பது யார்?

உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். அத்தை, கணவர், தோழி, டேகேர் என்று எல்லாருக்கும் ஒரு கருத்து இருக்கிறது. 5 மணிக்கு எழுந்து 18 துணி துவைப்பவர் நீங்கள் ஒருவர்தான். அவர் என்ன நினைக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. நீங்களும் உங்களைக் கேட்டுக்கொள்ளவில்லை, "சோம்பேறியா" என்று மட்டும்தான் கேட்டுக்கொண்டீர்கள். பிரசவமாகி நாலரை மாதத்தில், தாய்ப்பாலும் கொடுத்துக்கொண்டு, தூக்கமும் இல்லாமல் குனிந்து துவைப்பவரைப் பார்த்துக் கேட்கும் கேள்வியா அது?

உங்கள் வீட்டுக்கு நான் எழுதிக் கொடுக்கும் சீட்டு இது. டேகேரில் டயபர், இரவு ஒரு டயபர். காலை கிளம்பும் வரையும் மாலை வந்த பிறகும் வேட்டித் துணி, அல்லது காற்றாட. ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்கத் துணி. இப்படிச் செய்தால் வேலை நாளில் நான்கு டயபர்தான் ஆகும். உங்கள் கணவர் இப்போது ஒரு நாளைக்கு எட்டுக்குக் காசு கொடுக்கிறார், அது பாதியாகக் குறையும். துணி ஐந்தாறுதான் சேரும். அதை மெஷினில் போட்டு, எடுத்து, கொடியில் உலர்த்தி, மடித்து வைப்பது அவர் வேலை. "உதவி செய்யுங்கள்" என்று கேட்காதீர்கள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு இது உங்கள் வேலை என்று சொல்லிவிடுங்கள். முடியாது என்றால் அந்த வீட்டில் துணிக்கு வாதாடும் உரிமை யாருக்கும் இல்லை, முழுக்க டயபருக்கே போங்கள். குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடாது.

டேகேர் தன் விதியைத் தானே வைத்துக்கொள்ளலாம், அதில் சண்டை போட்டுப் பயனில்லை. ஆனால் எத்தனை மணிக்கு மாற்றினார்கள் என்று ஒரு தாளில் குறித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள், நல்ல இடங்களில் மறுக்க மாட்டார்கள். முதல் வாரம் சாயங்காலம் எத்தனை டயபர் மிச்சம் வருகிறது என்று எண்ணுங்கள். ஒன்பது மணி நேரத்துக்கு மூன்று கொடுத்து அனுப்பி இரண்டு திரும்பி வந்தால் அடுத்த நாளே கேளுங்கள். உங்கள் அலுவலகத்தில் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால், காப்பக வசதி தருவது நிறுவனத்தின் பொறுப்பு. 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தில் சேர்த்த விதி அது, ஒரு நாளைக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்து வரவும் அதில் இடமுண்டு. சேரும் நாளுக்கு முன்பே மனிதவளத் துறைக்கு எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

இதெல்லாம் அடுத்த வாரத்துக்கு. நாளைக்கு ஒரே ஒரு வேலைதான். காலையில் முதல் ஆளாக டோக்கன் போடுங்கள், கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், அந்த ட்யூபை மறந்துவிடாதீர்கள்.